நாவல் கொட்டையைக் காயவைக்காதீர்கள்! நாட்டுப் பழமர விதைகளுக்கு வீட்டிலேயே உயிர்ச் சோதனை

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதத்தை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பியிருந்தது. 'வரப்பு ஓரத்தில் நாவல் வைக்க ஆசைப்பட்டு, இரண்டு கிலோ கொட்டை கூரியரில் வரவழைத்தேன். நன்றாகக் காய்ந்து, சுத்தமாக இருந்தது. பையில் மண் நிரப்பி விதைத்து, ஒன்றரை மாதம் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. விதை சரியில்லையா, என் கைராசி சரியில்லையா?' என்று கேட்டிருந்தார்.

உங்கள் கைராசியில் ஒரு குறையும் இல்லை ஐயா. 'நன்றாகக் காய்ந்து' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் குறை. அந்தக் கொட்டைகள் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே செத்துவிட்டன. விதைப்பதற்கு முன்பு பத்துக் கொட்டைகளைக் கத்தியால் வெட்டிப் பார்த்திருந்தால், ஒன்றரை மாத உழைப்பும் பணமும் மிஞ்சியிருக்கும்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. இதே தவற்றை, வேளாண்மை படித்து, பல ஆண்டுகள் அதிகாரியாக வேலை பார்த்த நானே செய்திருக்கிறேன்.

அதிகாரி வீட்டு மாடியில் நடந்தது

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நான் குடியிருக்கும் வேளச்சேரியில் எங்கள் தெருவிலும் நிழல் போனது. 'அழகுக்கு வைத்த மரங்கள் போதும், இனி நாவல், இலுப்பை, புளி என்று நம் மண்ணின் மரங்களை வைப்போம்' என்று தெருக்காரர்கள் முடிவு செய்தார்கள். 'நம்ம தெருவிலேயே விவசாய அதிகாரி இருக்கிறாரே' என்று கன்று வளர்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

2017 நாவல் சீசனில், வேளச்சேரி ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் கூடை வைத்து விற்கும் ஒரு அம்மாவிடம் தினமும் பழம் வாங்கினேன். தெருப் பிள்ளைகள் தின்றுவிட்டுக் கொட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் செய்கிற பழக்கத்தில், கொட்டைகளைக் கழுவி, மொட்டை மாடியில் நாலு நாள் வெயிலில் காயவைத்தேன். சாம்பல் தூவி, துணிப்பையில் கட்டிவைத்தேன். ஐப்பசி அடைமழை தொடங்கியதும் ஐந்நூறு பைகளில் விதைத்தேன். கார்த்திகை போய் மார்கழியும் வந்தது. ஒரு பையில்கூட முளை இல்லை. பிள்ளைகள் தினமும் வந்து, 'அங்கிள், இன்னும் வரலையா?' என்று கேட்டபோது என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மறு வருடம் சீசனில் அதே அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "இன்னா சார் நீ... எங்க ஊர்ல கொட்டையைத் துப்புன எடத்துல, அடுத்த மழைக்கே மொளைச்சு நிக்கும். அதைப் போயி யாராவது காய வெப்பாங்களா? அது இன்னா நெல்லா, கேவுரா?" என்றார்.

கல்லூரியில் விதையியல் பாடத்தில் நான் படித்த விஷயம்தான் அது. வேலைக்கு வந்த பிறகு நெல், உளுந்து, நிலக்கடலை என்றே கை பழகிவிட்டதால், மண்டையில் இருந்தது கைக்கு வரவில்லை. அந்த வருடம் கொட்டைகளை மூன்று பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கைக் கழுவிய அன்றே விதைத்தேன். ஒரு பங்கை ஈர மணலில் ஒரு வாரம் வைத்திருந்து விதைத்தேன். மூன்றாவதைப் பழையபடி வெயிலில் காயவைத்து விதைத்தேன். முதல் இரண்டு தட்டுகளிலும் பெரும்பாலானவை முளைத்தன. மூன்றாவது தட்டு, போன வருடத்து ஐந்நூறு பைகளைப் போலவே வெறும் மண்ணாகக் கிடந்தது.

விதைகளில் இரண்டு சாதி

விதைகளை, உலர்த்தினால் தாங்குபவை, உலர்த்தினால் சாகிறவை என்று இரண்டாகப் பிரிக்கலாம். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட்ஸ் என்ற விதை விஞ்ஞானி 1973-ல் இந்தப் பிரிவினையைத் தெளிவாக வகுத்தார். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வகைகளும் உண்டு என்பது பின்னால் தெரியவந்தது.

நெல், பயறு, புளி, இலந்தை போன்றவை முதல் வகை. இவற்றில் ஈரத்தைக் குறைக்கக் குறைய ஆயுள் கூடும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால், ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஹாரிங்டன் என்ற அறிஞர் சொன்ன கணக்கு இந்த வகைக்குத்தான் பொருந்தும். இஸ்ரேலில் மசாடா கோட்டை அகழாய்வில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டு பழைய பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005-ல் விதைத்தார்கள். அது முளைத்து மரமாகிவிட்டது. வறண்ட பாலைவனக் காற்றில் காய்ந்து கிடந்ததுதான் அதைக் காப்பாற்றியது.

நாவல், மா, பலா, இலுப்பை ஆகியவை இரண்டாவது வகை. மரத்திலிருந்து விழும்போதே இவற்றின் கொட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் இருக்கும். அந்த ஈரம்தான் உயிர். பேரீச்சையைக் காப்பாற்றிய அதே வறட்சி, நாவலைச் சில நாட்களில் கொன்றுவிடும். பழத்திலிருந்து எடுத்த நாவல் கொட்டையைச் சும்மா வெளியில் போட்டுவைத்தால், இரண்டு வாரத்துக்குமேல் நம்ப முடியாது. மாங்கொட்டைக்கு நான்கு வாரம்தான் கெடு.

இதில் இயற்கையின் கணக்கும் இருக்கிறது. புளி, தை மாசியில் பழுக்கிறது. மழை வர இன்னும் பல மாதம் உண்டு. அதனால் புளியங்கொட்டை கெட்டியான தோலுக்குள் காத்திருக்கப் பழகியிருக்கிறது. நாவல் பழுப்பது ஆனி, ஆடியில். விழுந்த சில நாட்களிலேயே ஒரு மழை கிடைத்துவிடும் என்பதால், அது காத்திருக்கப் பழகவில்லை.

எந்த விதை எந்த வகை என்று சந்தேகம் வந்தால், புதிய விதையைக் குறுக்கே வெட்டி நகத்தால் அழுத்திப் பாருங்கள். பச்சைக் காய்கறியை வெட்டியது போல ஈரமும் சதையுமாக இருந்தால், அதை உலர்த்தாதீர்கள். துவரம்பருப்பு போலக் கெட்டியாக இருந்தால் உலர்த்தலாம். இது நூற்றுக்கு நூறு சரியான விதி அல்ல. ஆனால், தெரியாத விதை கைக்கு வந்தால் பெரும்பாலும் காப்பாற்றும்.

நாமே ஏன் சோதிக்க வேண்டும்?

நெல் விதை வாங்கினால் மூட்டையில் அட்டை இருக்கும். சான்று விதையென்றால் குறைந்தது 80 சதவீத முளைப்புத்திறன், 13 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதம் என்று வரையறை உண்டு. நிலக்கடலைக்கு 70 சதவீதம் முளைப்பு, 9 சதவீதம் ஈரம். 1966-ம் ஆண்டு விதைச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட பயிர் ரகங்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. களாக்காய்க்கும் விளாம்பழத்துக்கும் பாலைப்பழத்துக்கும் யாரும் அட்டை கட்டித் தருவதில்லை. வாங்குகிறவர் செய்யும் சோதனைதான் ஒரே காவல்.

இரண்டாவது காரணம் விதைப்பந்து. களிமண், சாணம், விதை சேர்த்து உருட்டி, காயவைத்து, மழைக்காலத்தில் வீசுகிறார்கள். நல்ல மனதோடு செய்கிற வேலைதான். ஆனால், நாவலையும் இலுப்பையையும் உள்ளே வைத்து உருண்டையை வாரக்கணக்கில் உலர்த்தினால், அது விதைக்குச் சமாதி கட்டுவதுதான். பந்துக்குள் புளி, இலந்தை போன்ற உலரத் தாங்கும் விதைகளை, அதுவும் சோதித்துப் பார்த்த விதைகளை வையுங்கள். நாவலை அப்படியே மண்ணில் ஊன்றுங்கள்.

இனி சோதனைகளுக்கு வருவோம். மொத்தம் நான்கு. மூன்றை வீட்டிலேயே செய்யலாம்.

மாதிரி எடுப்பது எப்படி?

மேலாக இருக்கும் கொழுத்த விதைகளைப் பொறுக்கிச் சோதித்தால் முடிவு பொய்யாகும். மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது போலத்தான் இதுவும். மொத்த விதையையும் கோணியில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பாகங்கள் இரண்டை மட்டும் எடுங்கள். திரும்பக் கலந்து, திரும்பப் பிரியுங்கள். தேவையான எண்ணிக்கை வரும்வரை இப்படியே செய்யுங்கள். 1924-ல் தொடங்கப்பட்ட சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் முறைப்படி 400 விதைகள் வேண்டும். நமக்கு 100 போதும். விதை குறைவாக இருந்தால் 50. பத்து விதையை வைத்துச் சதவீதம் போடாதீர்கள். ஒரு விதை கூடினால் குறைந்தால், பத்து சதவீதம் ஏறி இறங்கிவிடும்.

சோதனை 1: வெட்டிப் பார்த்தல்

ஐந்து நிமிட வேலை. கூரிய கத்தியால் 20 அல்லது 25 விதைகளை நீளவாக்கில் வெட்டுங்கள். உள்ளே சதை நிறைந்து, இறுக்கமாக, அதன் இயல்பான நிறத்தில் இருந்தால் நல்லது. நாவலுக்குப் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். பலாவுக்கும் மாங்கொட்டைப் பருப்புக்கும் வெண்மை அல்லது பால் நிறம். சுருங்கி, பழுப்பாக, தோலுக்கும் பருப்புக்கும் நடுவில் இடைவெளி விட்டு, ஆட்டினால் கலகலவென்று ஒலித்தால் போயிற்று. நாவலை வெட்டிய உடனே பார்த்துவிடுங்கள். காற்று பட்டால் நல்ல விதையின் வெட்டுமுகமும் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும்.

மாங்கொட்டையை ஓடு பிரித்துப் பாருங்கள். உள்ளே கறுப்புத் தூளும் துளையும் இருந்தால், கொட்டைக் கூன்வண்டின் வேலை. அதை ஒதுக்குங்கள்.

கூரியரில் விதை வந்தால், பெட்டியைத் திறந்தவுடன் முதல் வேலை இதுதான். விதை எடுத்த தேதியையும் விற்றவரிடம் கேளுங்கள். தேதி சொல்லாதவரிடம் நாவல், பலா கொட்டை வாங்காதீர்கள்.

சோதனை 2: தண்ணீரில் போடுதல்

நெல் விதைக்கு, முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்துப் பதர் நீக்குவோம் அல்லவா? அதே வேலைதான். நெல்லிக்கு இது அருமையான சோதனை. நெல்லிக் கொட்டையை வெயிலில் வைத்தால் வெடிக்கும். உள்ளே ஆறு சின்ன விதைகள் இருக்கும். அவற்றைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை நீக்கிவிட்டு, அமிழ்வதை மட்டும் விதைக்கலாம். இலந்தைக் கொட்டைக்கு வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டருக்கு 170 முதல் 180 கிராம் உப்புக் கரைத்து அதில் போட வேண்டும். மிதப்பதை எறிந்துவிட்டு, அமிழ்ந்ததை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிவிடுங்கள்.

ஆனால், இந்தச் சோதனையை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. தண்ணீர் சொல்வது, விதைக்குள் சதை இருக்கிறதா, வெற்றிடமா, பூச்சி குடைந்திருக்கிறதா என்பதை மட்டும்தான். உயிர் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. நம்பிக்கை இல்லையென்றால், நெல்லி விதைகள் கொஞ்சத்தைக் கொதிநீரில் வேகவைத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். செத்த விதையும் ஜம்மென்று அமிழும்.

சோதனை 3: முளைக்க வைத்துப் பார்த்தல்

கடைசித் தீர்ப்பு இதற்குத்தான். 100 விதைகளை 25 வீதம் நான்கு தொகுதியாகப் பிரியுங்கள். ஆற்று மணலைச் சலித்து, கழுவி, கொதிநீர் ஊற்றி ஆறவைத்துத் தட்டுகளில் நிரப்புங்கள். விதையின் பருமன் அளவுக்கு ஆழம் போதும். மணலைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. நிழலில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவையுங்கள். நெல்லி மாதிரிச் சின்ன விதைகளுக்கு மணலுக்குப் பதிலாக ஈரக் கோணிச் சுருளும் போதும்.

கணக்கில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, விதைத்தோலைக் கிழித்து வேர்நுனி வந்தால் மட்டும் போதாது. தண்டும் இலையும் ஒழுங்காக வந்த கன்றையே முளைப்பாகக் கணக்கிடுங்கள்.

இரண்டு, நான்கு தட்டுகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். மூன்று தட்டுகளில் 20, 19, 21 என்று வந்து, நான்காவதில் 8 மட்டும் வந்தால், அந்தத் தட்டில் தண்ணீர் தேங்கியதா, எறும்பு புகுந்ததா என்று பார்த்து, சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

மூன்று, கெடு முடிந்ததும் முளைக்காத விதைகளைத் தூக்கி எறியாமல் வெட்டிப் பாருங்கள். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அழுகிக் கூழாக இருந்தால் செத்த விதை. உள்ளே பளிச்சென்று கெட்டியாக இருந்தால், அது பெரும்பாலும் தூங்கும் விதை. இலந்தை, புளி, நெல்லியில் இந்தத் தூக்கம் சகஜம். ஓட்டை மெதுவாகத் தட்டி விரிசல் விடுவதோ, இரவு முழுக்க ஊறவைப்பதோதான் அதை எழுப்பும். 'மட்ட விதை' என்று பழி சுமத்தி, நல்ல விதையைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள்.

முடிவை வைத்துத் தேவையைக் கணக்கிடலாம். உங்களுக்கு 300 கன்றுகள் வேண்டும், முளைப்பு 60 சதவீதம், நாற்றங்காலில் பிழைப்பது 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 0.6-ஆல் வகுத்து, வந்ததை 0.8-ஆல் வகுத்தால் 625. அவ்வளவு விதை ஊன்ற வேண்டும்.

நாவல் போன்ற அவசர விதைகளில் ஒரு சிக்கல் உண்டு. முளைப்புச் சோதனை முடிய ஒரு மாதம் ஆகும். அதற்குள் மீதி விதை செத்துவிடும். எனவே, அவற்றுக்கு வெட்டிப் பார்த்து, அன்றே மொத்தத்தையும் விதைத்துவிட வேண்டும். முளைப்புக் கணக்கை அடுத்த வருடத்துக்காக, தாய்மரத்தின் பெயரோடு எழுதிவையுங்கள். எந்த மரத்து விதை நன்றாக வருகிறது என்பது இரண்டு மூன்று சீசனில் தெரிந்துவிடும்.

சோதனை 4: சாயம் ஏற்றிப் பார்த்தல்

டெட்ரசோலியம் என்ற வேதிப்பொருளைக் கொண்டு செய்வது இது. ஜெர்மனியில் லாகோன் என்ற விஞ்ஞானி 1940-களில் கொண்டுவந்தது. நிறமற்ற இந்த உப்பு, உயிருள்ள திசுவுக்குள் போனால், அங்கே மூச்சுவிடும் வேலையில் இருக்கும் நொதிகளால் மாறிச் சிவப்பாகிவிடும். செத்த திசு வெளுத்தே இருக்கும். விதையை ஊறவைத்து, முளைக்கரு தெரியும்படி நீளவாக்கில் வெட்டி, ஒரு சதவீதக் கரைசலில் இருட்டில் சில மணி நேரம் வைத்தால், ஒரே நாளில் முடிவு தெரிந்துவிடும். பல வாரம் தூங்கும் விதைகளுக்கு இது வரப்பிரசாதம்.

வீட்டுச் சமையலறையில் இதைச் செய்ய வேண்டாம். பக்கத்தில் கல்லூரி ஆய்வகம் இருந்தால் கேளுங்கள். கையுறை கட்டாயம். கூடவே வேகவைத்த விதைகள் ஐந்தையும் கரைசலில் போடச் சொல்லுங்கள். அவை வெளுத்தே இருந்தால்தான் மற்ற விதைகளின் சிவப்பை நம்பலாம். மர விதைகள் குறித்த சந்தேகங்களுக்கு, கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தையும், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியையும் அணுகலாம்.

எந்த மரத்துக்கு என்ன வழி?

நாவல்: கழுவிய அன்றே விதைப்பது உத்தமம். முடியாவிட்டால் ஈர மணல் அல்லது ஈரத் தென்னை நார்க்கழிவில் கலந்து, நிழலில் ஒரு வாரம் வைக்கலாம். இரண்டு வாரத்தில் முளை தெரியத் தொடங்கும்.

பலா: சுளையிலிருந்து எடுத்த சில நாட்களில் விதைக்க வேண்டும். வழவழப்புப் போகக் கழுவி, பெரிய கொட்டைகளைத் தேர்ந்தெடுங்கள்.

மா: ஓடு நீக்கி, பருப்பைப் பார்த்து, நான்கு வாரத்துக்குள் விதையுங்கள்.

இலுப்பை: எண்ணெய் விதை. ஆனி, ஆடியில் விழுவதைப் பொறுக்கிச் சுடச்சுட விதையுங்கள். எண்ணெய் ஆட்டக் காயவைத்த கொட்டையை விதைக்கு வாங்காதீர்கள்.

பாலை (உலக்கைப் பாலை): சப்போட்டாவுக்கு வேர்ச்செடியாகப் பயன்படும் மரம். புதிய விதையே நல்லது. முளைக்கவும் வளரவும் தாமதமாகும். பொறுமை வேண்டும்.

விளா, களா: நன்கு பழுத்த பழத்திலிருந்து விதை எடுத்து, சாம்பல் அல்லது மணல் சேர்த்துப் பிசைந்து கழுவி, தாமதிக்காமல் விதையுங்கள். விளாவுக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

நெல்லி: கொட்டையை வெடிக்கவைத்து, தண்ணீரில் அமிழும் விதையை எடுங்கள்.

இலந்தை: உப்புநீர்ச் சோதனை. முழுக் கொட்டையாகப் போட்டால் மூன்று நான்கு வாரம். ஓட்டை விரிசல்விட்டுப் போட்டால் ஏறக்குறைய ஒரு வாரம்.

புளி: வண்டுத் துளையில்லாத கொட்டை. உலர்த்திச் சேமிக்கலாம். விதைக்கும் முன்பு ஓர் இரவு ஊறவையுங்கள்.

மரம்தான் விதை வங்கி

இங்கிலாந்தில் கியூ தாவரவியல் பூங்காவின் மில்லினியம் விதை வங்கி இருக்கிறது. விதைகளை உலர்த்தி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்கிறார்கள். டெல்லியில் உள்ள நம் தேசிய மரபணு வங்கியிலும் ஏறக்குறைய இதே முறைதான். ஆனால், நாவலையும் பலாவையும் மாவையும் அந்தப் பெட்டிக்குள் வைக்க முடியாது. உலர்த்தினால் சாகும், உலர்த்தாமல் உறையவைத்தால் உள்ளிருக்கும் ஈரம் பனிக்கட்டியாகிக் கிழித்துவிடும். இவற்றுக்கு ஒரே விதை வங்கி, நின்று காய்க்கும் மரம்தான்.

இதைச் சென்னையிலேயே பார்க்கலாம். குப்பையும் கட்டடக் கழிவும் கொட்டிக் கிடந்த அடையாறு உப்பங்கழியை ஒட்டிய 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்காவை உருவாக்கி, 2011-ல் திறந்தார்கள். ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் குழுவினர் அந்தப் பணியில் வழிகாட்டினார்கள். நமது கிழக்குக் கடற்கரையோர உலர் பசுமைக் காட்டின் மரம், செடி வகைகள் நூற்றுக்கும் மேல் அங்கே நடப்பட்டன. அப்படிப்பட்ட கன்றுகளைக் கடையில் வாங்கிவிட முடியாது. மிச்சமிருக்கும் கோயில் காடுகளிலும் தோப்புகளிலும் தாய்மரத்தைத் தேடி, பழுக்கும் பருவத்தில் விதை பொறுக்கி, கெடு தவறாமல் விதைத்தால்தான் கன்று. தாய்மரம் இல்லையென்றால் எந்தச் சோதனையும் எந்த விஞ்ஞானமும் உதவாது.

எங்கள் தெருவில் 2018-ல் முளைத்த நாவல்களில் சில இப்போது மாடி உயரம் தாண்டிவிட்டன. அன்று 'இன்னும் வரலையா?' என்று கேட்ட பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பழம் விற்ற அம்மாவிடம் மரங்களைக் காட்டினேன். "இப்பவாச்சும் கத்துக்கிட்டியே சார்" என்றார்.

உங்கள் ஊரில் பெரிய நாவலோ, பாலையோ, இலுப்பையோ நின்றால், அது எப்போது பழுக்கிறது, எப்போது உதிர்கிறது என்று இந்த வருடமே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சாலைக்காகவோ வீட்டுக்காகவோ வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்தால், தடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால், வெட்டும் முன்பு ஒரு சீசன் விதையாவது எடுத்து, ஈரம் காயும் முன்பு மண்ணில் ஊன்றிவிடுங்கள்.

வாசகர் கேள்விகள்

நாவல், பலா கொட்டைகளை ஃப்ரிட்ஜில் வைத்தால் கெடாமல் இருக்குமா?

இருக்காது. வெப்ப மண்டலத்து ஈர விதைகள் குளிரையும் தாங்காது. ஈர மணல், நிழல், காற்றோட்டம், இந்த மூன்றும்தான் அவற்றுக்கு வேண்டியவை. அதுவும் சில நாட்களுக்குத்தான். நன்கு உலர்ந்த புளி விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

ஒரே நாவல் கொட்டையிலிருந்து மூன்று முளை வருகிறது. முளைப்புக் கணக்கில் மூன்று என்று எழுதலாமா?

கூடாது. நாவலின் ஒரு விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருப்பது சகஜம். முளைகளை எண்ணினால் நூறு விதைக்கு நூற்றைம்பது சதவீதம் வந்துவிடும்! கொட்டையைத்தான் எண்ண வேண்டும். கன்று நான்கு இலை விட்டதும், வாளிப்பான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பக்குவமாகப் பிரித்து வேறு பையில் நடலாம்.

விதையில் வந்த நாவல் எப்போது காய்க்கும்? தாய்மரம் மாதிரியே பழம் தருமா?

பொதுவாக 8 முதல் 10 ஆண்டுகள் ஆகும். பழம் அதேபோல இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பழத்தை விற்று வருமானம் பார்க்க நினைப்பவர்கள் ஒட்டுக்கன்று வாங்குங்கள். வரப்பு, குளக்கரை, பள்ளிக்கூடம், கோயில் நிலங்களுக்கு விதைக்கன்றே நல்லது. ஒட்டுக்கட்டுவதற்கும் வேர்ச்செடி விதையிலிருந்துதான் வர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

திண்டிவனம் வாசகரே, இந்த ஆடியில் உங்கள் ஊர்ச் சந்தையிலேயே இரண்டு கிலோ பழம் வாங்குங்கள். வீட்டார் தின்னட்டும். கொட்டையை அன்றே கழுவி, பத்தை வெட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் ஊன்றிவிடுங்கள். எத்தனை முளைத்தது என்று புரட்டாசியில் ஒரு கடிதம் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.